ரிட்டார்ட் இல்லாத ரிட்டார்ட் ஸ்டாண்டு

மூணாறு, மறையூர், காந்தளூர், வண்டிப்பெரியாறு என்று தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கிற பொருள்களில் ஒன்று ஓர் இரும்புத் தாங்கி. கனமான செவ்வக அடித்தட்டு, அதன் ஓரத்தில் திருகி நிறுத்திய கம்பி, கம்பியில் ஏறி இறங்கும் பாஸ்ஹெட், அதில் மாட்டிய கிளாம்ப். பியூரெட்டைப் பிடிப்பது அது. புனலைத் தாங்குவது அது. குடுவையை பர்னருக்கு மேலே நிறுத்துவதும் அதுதான். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்புப் பதிவேட்டில் அதன் பெயர் ‘ரிட்டார்ட் ஸ்டாண்டு’. அதே பதிவேட்டில் ‘ரிட்டார்ட்’ என்று ஒரு வரியைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. ரிட்டார்ட் என்றால் என்ன டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டால், ஸ்டாண்டோட பேரே அதுதான் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதில் வெகுகாலமாக என்னை உறுத்துகிறது. தாங்கிக்கு அந்தப் பெயர் வந்தது, அது தாங்கிய பாத்திரத்தால். அந்தப் பாத்திரம் ஏறத்தாழ 300 ஆண்டுகள் வேதியியலின் முகமாகவே இருந்தது. இன்றைக்கும் ஆய்வகம் என்பதற்கு ஒரு சின்னம் வரையச் சொன்னால் பலர் வரைவது உருண்டை வயிறும் வளைந்த நீண்ட கழுத்தும் கொண்ட அந்தக் குடுவையைத்தான். அது எப்படி வேலை செய்தது, எதனால் மேசையிலிருந்து இறங்கியது என்பதில் ஒரு பருவத்துக்கான வேதியியலும் இயற்பியலும் இருக்கிறது. அதோடு, இந்தப் பிள்ளைகளில் பலருடைய வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் தைலப்புல் (எலுமிச்சைப்புல்) காய்ச்சுகிறார்கள். புகை தெரிகிற தூரத்தில் காய்ச்சி வடிக்கும் கலமான ‘வாலை’ ஒன்று எரிந்துகொண்டிருக்க, வகுப்பறையில் அதன் கண்ணாடி உறவினருக்குப் பொருள் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

பின்னோக்கி வளைந்தது

இலத்தீனில் ‘ரெடார்க்வேரே’ என்றால் பின்னோக்கி முறுக்குதல், திருப்பி வளைத்தல். அதிலிருந்து ‘ரெடார்ட்டா’, வளைக்கப்பட்டது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்துக்குள் ஒரு பாத்திரத்தின் பெயராக நுழைந்தது. சுடச்சுடத் திருப்பிக் கொடுக்கும் பதிலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். சொன்னவன் பக்கமே சொல்லைத் திருப்பி வளைப்பதால். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பாத்திரத்தைக் கொம்பு என்ற பொருளில் ‘கோர்ன்யூ’ என்றார்கள். ஜெர்மானியர்கள் ‘ரெடார்ட்டே’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்றால், நாம் சோதனைக்குழாய்க் குழந்தை என்பதை அவர்கள் ‘ரெடார்ட்டன் பேபி’ என்கிறார்கள். ஆய்வகம் முழுவதற்கும் அந்த ஒரு குடுவையே ஆகுபெயராகிவிட்டது.

ரிட்டார்ட்டுக்கு மூத்தது ‘அலெம்பிக்’. கிரேக்கத்தில் ‘அம்பிக்ஸ்’ என்ற கிண்ணம் அரபியில் ‘அல்-அன்பீக்’ ஆகி, அங்கிருந்து ஐரோப்பா போனது. அது தனித்தனி உறுப்புகளால் ஆனது. கீழே சுரைக்காய் வடிவப் பானை. இலத்தீனில் அதற்குச் சுரைக்காயின் பெயரேதான், ‘குக்கர்பிட்டா’. மேலே கவிழ்த்த மூடி, மூடியிலிருந்து இறங்கும் மூக்குக் குழாய், அதன் முனையில் ஏந்து கலம். நம்மிடம் வழங்கும் வாலையும் இந்தக் குடும்பம்தான். ஓமத்தீநீர் இறக்குகிற சித்த மருந்துக் கூடங்களில் அடிப்பானையும் மேல்மூடியும் குழாயும் தனித்தனியாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திப் பூசி மூடுவார்கள். பழைய தமிழ்ப் பாடநூல்கள் காய்ச்சி வடித்த தண்ணீரை ‘வாலை வடிநீர்’ என்று எழுதியதும், ரிட்டார்ட்டுக்கு வாலை என்றே பெயர் கொடுத்ததும் பொருத்தமான வேலை. ஆனால் வாலைக்கும் ரிட்டார்ட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பெயரில் உள்ள வளைவைவிட அதுதான் முக்கியம். அதற்கு வருவதற்கு முன்னால், அந்த வளைவு என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

முகட்டின் இரு பக்கம்

ரிட்டார்ட்டின் வயிற்றில் திரவம் கொதிக்கிறது. ஆவி மேலெழுந்து குடுவையின் உச்சியைத் தொடுகிறது. உச்சியும் கண்ணாடிதான், அதற்கு வெளியேயும் காற்றுதான், ஆகவே அங்கேயே கொஞ்சம் ஆவி குளிர்ந்து துளியாகிறது. அந்தத் துளி வழிந்து மறுபடி வயிற்றுக்கே போகிறது. கழுத்து வளைகிற இடத்தில் உள்ளே ஓர் உச்சிக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு குளிர்கிற துளி திரும்ப வழியில்லை. கழுத்தின் சரிவில் இறங்கி ஏந்து கலத்தில் விழுகிறது. மறையூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மலைமுகட்டுக்கு மேற்கே விழும் மழை அரபிக்கடலுக்கு, கிழக்கே மறையூர்ப் பக்கம் விழும் மழை பாம்பாறு வழியாக அமராவதிக்கு. கேரளத்து மண்ணில் விழுந்தாலும் அது தமிழ்நாட்டுக்குத்தான் போகும். ரிட்டார்ட்டின் கழுத்து வளைவு அப்படியொரு நீர்ப்பிரி முகடு.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, குடுவையின் உச்சி அதிகம் குளிர்ந்தால் விளைச்சல் குறையும். ஏறுகிற ஆவியில் பாதி முகட்டைத் தாண்டுமுன்பே திரும்பிவிடும். ஜன்னலோரம் காற்று வீசுகிற மேசையில் வைத்தால் இது நடக்கும். வயிற்றின் மேல்பாதியைக் கனமான துணியாலோ தகரக் கவிப்பாலோ மூடினால் சரியாகும். இரண்டாவது, முகட்டைத் தாண்டிய பகுதி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆக ஒரே கண்ணாடித் துண்டின் ஒரு பாதி சூடாகவும் மறுபாதி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வளைவு என்பது கொதிகலத்துக்கும் குளிர்கலத்துக்கும் நடுவில் இருக்கிற எல்லை.

ஒட்டு இல்லாத கண்ணாடி

ரிட்டார்ட் வளைந்திருப்பதால்தான் சிறப்பு என்று நினைப்பது இயல்பு. பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் வளைவு அலெம்பிக்கின் மூக்கிலும் உண்டு, வாலையின் குழாயிலும் உண்டு. ரிட்டார்ட்டைத் தனியாக நிறுத்துவது வேறொன்று: அதில் ஒட்டே கிடையாது. வயிறும் கழுத்தும் ஒரே ஊதலில் வந்த ஒரே கண்ணாடி. இது புரிந்த பிறகுதான் அந்தப் பாத்திரம் எதற்காக இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பது எனக்கு விளங்கியது. பள்ளிகளில் சொல்லித்தர வேண்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒட்டு என்பது பழைய ரசவாதிகளுக்குப் பெரிய தலைவலி. பானைக்கும் மூடிக்கும் நடுவில் ஆவி கசியும். அதை அடைக்க ஐரோப்பாவில் களிமண், மாவு, முட்டை வெண்கரு, சுண்ணாம்பு என்று விதவிதமாகக் குழைத்துப் பூசினார்கள். நம்முடைய முறை சீலைமண். மண்ணைச் சலித்துக் குழைத்துத் துணியில் தடவி, மூட்டைச் சுற்றி ஒட்டி, காயவிட்டு, அதன்மேல் அடுத்தது. ஏழு சீலைமண் செய்யச் சொல்லும் மருந்துமுறைகள் உண்டு. ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகுதான் அடுத்ததைச் சுற்ற வேண்டும். ஈரம் உள்ளே இருக்கும்போதே அடுத்ததைச் சுற்றினால், சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி மண்ணை வெடிக்கச் செய்து வெளியே வரும். ஓமத்தீநீருக்கும் பன்னீருக்கும் இது போதும். கொஞ்சம் கசிந்தாலும் மணம்தான் போகும்.

திராவகத்துக்கு, அதாவது அமிலத்துக்கு, போதாது. சித்த மருந்து ஏடுகளில் திராவகம் இறக்கும் முறைகளில் வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) படிகாரமும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) திரும்பத் திரும்ப வருகின்றன. 14ஆம் நூற்றாண்டளவில் அரபு ரசவாதி கெபர் பெயரில் வழங்கிய இலத்தீன் ஏடுகளிலும் இதே மூன்றும்தான். வடித்தால் இறங்குவது நைட்ரிக் அமிலம். அது மூடியைத் தின்னும், பூச்சைத் தின்னும். பின்னாளில் கார்க்கும் ரப்பரும் வந்தபோது அவற்றையும் தின்றது. கார்க்கைப் போட்டால் சிறிது நேரத்தில் மஞ்சளாகி, பொடிந்து, அமிலத்துக்குள் விழும். ரப்பர் இறுகி வெடிக்கும். கசிவது மணமல்ல, நுரையீரலைப் பிடிக்கும் செம்பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு. கண்ணாடியை மட்டும்தான் அந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே ஆவி பிறக்கிற இடத்திலிருந்து துளி விழுகிற இடம்வரை கண்ணாடியைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. மற்ற எல்லாப் பாடங்களிலிருந்தும் ரிட்டார்ட் இறங்கிவிட்ட பிறகும், வெடியுப்போடு கந்தக அமிலம் சேர்த்து நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் படத்தில் மட்டும் அது வெகுகாலம் தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான். படத்தைப் பாகம் குறித்து வரையச் சொல்லித் தேர்வில் மதிப்பெண் போட்டோம். முழுதும் கண்ணாடியாக இருப்பது ஏன் என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தப் படம் மனதில் நின்றிருக்கும்.

அந்தப் பாடத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று ஒரு வரி வரும். அதற்கும் பாத்திரத்தோடு தொடர்பு உண்டு. அதற்கு மேலே போனால் அமிலமே சிதைந்து பழுப்பாகிறது என்பது ஒரு பாதி. மறுபாதி, வயிற்றில் மிஞ்சுகிற பைசல்பேட் உப்பு மேலும் வினைபுரிந்து சல்பேட்டாக மாறி, கண்ணாடியோடு ஒட்டிக் கல்லாக இறுகிவிடும். ஒரே துண்டான பாத்திரத்தில் அதைச் சுரண்டி எடுக்கக் கைநுழைய வாயில்லை. ஒட்டு இல்லாததன் விலை அது. ஒருமுறை அடியில் இறுகினால் பல நேரம் ரிட்டார்ட்டையே தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

லவாய்சியரின் இரண்டு பாத்திரங்கள்

காற்றில் பாதரசத்தை 12 நாள் சூடாக்கி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் செய்த சோதனையை எல்லாப் புத்தகமும் சொல்லும். படத்தில் ரிட்டார்ட் என்று பெயர் எழுதியிருக்கும். 1789இல் வெளிவந்த தன்னுடைய பாடநூலில் அவர் அதை ‘மாட்ரா’ என்கிறார். மாட்ரா என்பது நேரான நீண்ட கழுத்துக் குடுவை. அதன் கழுத்தைத் தீயில் காட்டி, தனக்கு வேண்டியபடி முதலில் கீழே இறக்கி, பாதரசத் தொட்டிக்குள் கொண்டுபோய், முனையை மணிச்சாடிக்குள் மேலே நிமிர்த்தினார். அவருக்கு வடித்தல் வேண்டாம். ஆவியாகும் பாதரசம் மறுபடி வயிற்றுக்கே திரும்ப வேண்டும், உள்ளே இருக்கும் காற்று மட்டும் மணிச்சாடியில் இருக்கும் காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும். 50 கன அங்குலக் காற்று 42, 43 அளவுக்குச் சுருங்கியது. பாதரசத்தின்மேல் படர்ந்த சிவப்புப் பொடியைச் சேர்த்தபோது 45 கிரெய்ன் (அக்கால எடை அளவு).

இந்தப் பொடியை அவர் அடுத்துப் போட்டது ஒரு சிறிய கண்ணாடி ரிட்டார்ட்டில். இப்போது அவருக்கு எல்லாமே வெளியே வர வேண்டும். பாதரசம் ஒரு பக்கம் வடிந்து சேர, விடுபட்ட வாயு மறுபக்கம் சேர வேண்டும். 7, 8 கன அங்குலம் வாயு கிடைத்தது. முன்னே காணாமல்போன அளவும் ஏறக்குறைய அதுதான். அது ஆக்சிஜன். ஒரே சோதனையின் முதல் பாதிக்குத் திருப்பி அனுப்பும் பாத்திரம், இரண்டாம் பாதிக்கு வெளியே அனுப்பும் பாத்திரம். எது எதற்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நம் புத்தகங்கள் இரண்டையும் ரிட்டார்ட் என்று எழுதிவிடுவதால் அந்தச் சோதனையின் அழகில் பாதி போய்விடுகிறது.

எதனால் இறங்கியது

ரிட்டார்ட்டின் பலவீனம் அதன் கழுத்து காற்றை மட்டும் நம்பிக் குளிர்வது. ஒரு கிராம் நீராவி தண்ணீராகும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். நிமிடத்துக்கு ஒரு மில்லி வடிக்க வேண்டுமானால் கழுத்து ஏறக்குறைய 38 வாட் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். ஓரடி நீளம், ஓர் அங்குலக் குறுக்களவு உள்ள கழுத்துக்கு என் கணக்கில் 15 வாட் வருகிறது. அப்படியென்றால் நிமிடத்துக்கு அரை மில்லிக்கும் குறைவு. அதற்கு மேல் தீயைக் கூட்டினால் குளிராத ஆவி நேராக ஏந்து கலத்துக்குள் சீறிப் பாயும். நைட்ரிக் அமிலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அது ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் கிராமுக்கு 620 ஜூல் அளவுதான், தண்ணீருக்குத் தேவைப்படுவதில் கால் பங்கைவிடச் சற்றே அதிகம். பாதரசத்துக்கு 300 ஜூலுக்கும் கீழே. ஆக ரிட்டார்ட் மோசமான கருவி அல்ல. அமிலங்களுக்கும் பாதரசத்துக்கும் ஏற்ற கருவி, தண்ணீருக்குப் பொருந்தாதது.

கழுத்தைச் சுற்றி இன்னொரு குழாய் போட்டு, அதற்குள் குளிர்ந்த நீரை ஓடவிடலாம் என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1771இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிறிஸ்டியன் வைகல் அப்படி ஒன்றை விவரித்தார். ஜெர்மனியின் கீஸன் நகர ஆய்வகத்திலிருந்து அதை உலகமெங்கும் பரப்பியவர் வேதியியலாளர் லீபிக் என்பதால் பெயர் லீபிக் கண்டென்ஸர் (குளிர்விப்பான்) என்று நின்றது. ஆனாலும் கண்டென்ஸரைக் குடுவையோடு பொருத்தக் கார்க்கு தேவை. கார்க்கு இருக்கும்வரை அமிலத்துக்கு ரிட்டார்ட்தான். அதன் இடத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டது தேய்த்த கண்ணாடி மூட்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அளவுகள் தரப்படுத்தப்பட்டன. இன்று நாம் பி24 என்று சொல்கிற மூட்டில் அகன்ற வாய் 24 மில்லிமீட்டர், சரிவு பத்துக்கு ஒன்று. எந்த ஊரில் செய்த குடுவையும் எந்த ஊரில் செய்த கண்டென்ஸரும் கார்க்கில்லாமல் பொருந்தும். அதற்கு முன்பே, 1915இல், பைரெக்ஸ் என்ற பெயரில் போரோசிலிக்கேட் கண்ணாடி வந்திருந்தது. அது சூட்டில் விரிவது சாதாரண சோடாக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒட்டு இல்லாமை என்ற ஒரே பலத்தில் நின்றுகொண்டிருந்த பாத்திரத்துக்கு, ஒட்டு இருந்தாலும் கசியாத கண்ணாடி வந்ததும் வேலை முடிந்தது. தாங்கி மட்டும் மேசையிலேயே நின்றுவிட்டது.

பெயர் வேறு இடங்களுக்கும் போனது. நிலக்கரி வாயுத் தொழிற்சாலைகளில் கரியை வேகவைத்த மூடிய சூளைகள் ரிட்டார்ட். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய மீன்குழம்புப் பொட்டலத்துக்கு ரிட்டார்ட் பவுச் என்று பெயர். அங்கே ரிட்டார்ட் என்பது 121 டிகிரி அளவில் நீராவி அழுத்தத்தில் பொட்டலத்தை வேகவைக்கும் இரும்புக் கலம். கழுத்தும் இல்லை, வளைவும் இல்லை. மூடி வைத்துச் சூடாக்குவது என்ற குணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரிவில் எரியும் வாலை

மறையூர், சின்னாறு பக்கத்து மலைக்குடிகள் தைலப்புல் காய்ச்சுவதைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் மேலே சொன்ன எல்லாமும் அங்கே இருக்கும். அறுத்த புல்லை ஒருநாள் வாடவிடுவார்கள். ஈரம் குறைந்தால் ஒரே பாத்திரத்தில் அதிகம் அடைக்கலாம், விறகும் மிச்சம். பாத்திரத்தின் அடியில் தண்ணீர், புல்லை நன்றாக மிதித்து அடைத்து, மூடியின் விளிம்பில் மண்ணோ மாவோ பூசி அடைப்பு. மூடியிலிருந்து போகும் குழாய் ஓடைத் தண்ணீருக்குள் மூழ்கி வெளியே வரும். தைலத்தின் முக்கியப் பொருளான சிட்ராலின் கொதிநிலை 229 டிகிரி. ஆனாலும் அது நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குக் கீழேயே வந்துவிடுகிறது. தண்ணீரின் ஆவியழுத்தமும் தைலத்தின் ஆவியழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கலவை கொதித்துவிடும். தைலம் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி 0.9க்கு அருகே. ஆகவே ஏந்து கலத்தில் மேலே மிதக்கும், அடியில் வழிவிட்டால் தண்ணீர் மட்டும் போகும். நூறு கிலோ புல்லுக்கு அரை கிலோவுக்கு உட்பட்டுத்தான் கிடைக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால். கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் உலகச் சந்தையில் இதற்குக் ‘கொச்சி ஆயில்’ என்றே பெயர் இருந்தது. எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1951இல் தொடங்கப்பட்டது.

இதில் கெடுவதெல்லாம் மூன்று இடங்களில்தான். தண்ணீர் வற்றிப் புல் அடிப்பிடித்தால் தைலத்தில் கருகல் வாடை ஏறும். எந்த வடிகட்டலிலும் அது போகாது. குழாயின் வெளிமுனையில் கை வைத்தால் சுட்டால் ஓடைநீர் போதவில்லை என்று பொருள். தைலம் ஆவியாகவே காற்றில் போய்க்கொண்டிருக்கும், மணம் ஊரெல்லாம் வீசும், பாட்டில் நிறையாது. மூன்றாவது, துருப்பிடித்த இரும்பு டிரம்மில் காய்ச்சினால் தைலம் கறுத்து வரும், விலை விழும். கொதிகலம், முகடு, குளிர்கலம், ஏந்துகலம், ஒட்டு என்ற ஐந்தும் தெரிந்த பிள்ளைக்கு இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. பார்த்த உடனே அதுவே சொல்லும்.

வகுப்பில் ஒருமுறை

பள்ளிக்கு ஒரு ரிட்டார்ட் போதும். ஹரியானாவின் அம்பாலாவில் செய்வதை இன்றும் வாங்கலாம். 250 மில்லி, உச்சியில் கண்ணாடி மூடி போட்ட சிறு வாய் உள்ளதாக, போரோசிலிக்கேட்டில் கேட்டு வாங்க வேண்டும். வந்ததும் கழுத்து வளைகிற இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே கோடோ கொப்புளமோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சூட்டுக்கும் குளிருக்கும் எல்லையாக இருப்பதால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

80 மில்லி தண்ணீரில் 5 கிராம் மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) கரைத்து, நீண்ட காம்புள்ள புனலால் வயிற்றுக்குள் நேராக இறக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மேல்வாய் இல்லாத ரிட்டார்ட்டாக இருந்தால் கழுத்தைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு ஊற்றுங்கள். புனலை எடுக்கும்போது அதன் நுனி கழுத்தைத் தொட்டால் நீலத்துளி அங்கேயே ஒட்டிக்கொண்டு பிறகு வடிநீரோடு இறங்கும். சூடாக்கும் முன்பே உடைந்த பீங்கான் துண்டு மூன்று நான்கு போடுங்கள். இல்லாவிட்டால் திரவம் அமைதியாக இருந்து திடீரென்று குமுறி முகட்டைத் தாண்டிவிடும். கொதித்துக்கொண்டிருக்கும்போது பீங்கானைப் போடுவது ஆபத்து, மொத்தமும் பொங்கும். இடையில் ஆறவிட்டு மறுபடி கொதிக்கவைப்பதானால் புதுத் துண்டு வேண்டும். பழையதன் நுண்துளைகளில் தண்ணீர் ஏறியிருக்கும்.

வயிறு மணல்தட்டில் அமர, கிளாம்ப் கழுத்தை வயிற்றுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். கார்க் பட்டை வைத்துத் தளர்வாகத் திருகுங்கள். கழுத்தின் முனை ஒரு சிறு குடுவைக்குள் நுழைந்து நிற்கட்டும். அடைக்க வேண்டாம், அழுத்தத்துக்கு வழி வேண்டும். சேர்கிற தண்ணீரில் முனை மூழ்கவும் கூடாது. மூழ்கியிருக்கும்போது தீயை அணைத்தால் உள்ளே ஆவி சுருங்கி, குளிர்ந்த தண்ணீரை மேலே இழுத்துச் சூடான வயிற்றுக்குள் கொட்டும், கண்ணாடி வெடிக்கும். முகட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளிக் கழுத்தில் ஈரத்துணி சுற்றலாம். துணிக்குக் கீழே ஒரு நூலைக் கட்டி முனையைத் தொங்கவிட்டால் துணியின் ஈரம் அந்த நூல் வழியாகச் சொட்டிவிடும், ஏந்து கலத்துக்குள் போகாது. மூணாற்றில் தண்ணீர் 95 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெப்பமானி பழுது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு பாடவேளைக்குள் 10 மில்லி இறங்கிவிடும். அதில் நான்கைந்து சொட்டு அம்மோனியாக் கரைசல் விட்டுப் பாருங்கள். நிறம் மாறாமல் இருந்தால் வடித்தது சுத்தம். கருநீலம் தட்டினால் தாமிரம் தாண்டி வந்திருக்கிறது. குமுறித் தாண்டியதா, புனல்நுனி கழுத்தில் பட்டதா என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.